சவ்வில் சாயம் நிற்க வேண்டும்

செல் சவ்வுக்குச் சாயம் ஏற்றும் செய்முறைத் தாள்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘அறை வெப்பநிலையில் 10 நிமிடம் வைக்கவும்.’ அந்தத் தாளை எழுதியவர்களின் அறை 20 முதல் 25 டிகிரி. மே மாதத்தில், வடசென்னைத் தண்டையார்பேட்டையில், ஏசி ஓடாத ஆய்வகத்தில், மதியம் 2 மணிக்கு அறை 34 டிகிரியைத் தொட்டிருக்கும். அந்த 10 டிகிரி வித்தியாசத்தில் செல் சும்மா இருப்பதில்லை. உயிருள்ள செல் தன் வெளிச்சவ்வைக் கிள்ளிக் கிள்ளிக் குமிழ்களாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெப்பம் கூடினால் அந்த வேலை விரைகிறது. சவ்வில் ஏறிய சாயமும் குமிழோடு உள்ளே போய்விடுகிறது. ஸ்லைடை நுண்ணோக்கியில் வைக்கும்போது வெளிக்கோடு மங்கி, செல்லுக்குள் புள்ளி புள்ளியாக மின்னும். சாயம் கெட்டுப்போய்விட்டது என்று குப்பியைக் குறை சொல்வார்கள். குப்பி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட தோல்விகளில் பாதி, சாயம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கேட்லாக்கைத் திறந்ததும் ‘பச்சை வாங்கலாமா, சிவப்பு வாங்கலாமா’ என்றுதான் பேச்சு தொடங்குகிறது. துணி வெளுப்பதும் சாயம் ஏற்றுவதும் தெரிந்த வண்ணாரப்பேட்டையில் இப்படிக் கேட்க மாட்டார்கள். துணியைக் கையில் எடுத்ததும் வரும் கேள்வி ‘சாயம் விடுமா?’ என்பதுதான். சவ்வுக்கும் அதே கேள்வி பொருந்தும். இந்தச் சாயம் சவ்வை எதால் பிடித்துக்கொண்டிருக்கிறது? நாம் அடுத்து ஊற்றப்போகும் எந்தத் திரவம் அந்தப் பிடியை அவிழ்க்கும்? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு நிறத்தைப் பார்க்கலாம்.

அதற்கு முன், என்ன பார்க்கப் போகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். செல் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கி பக்கவாட்டில் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 200 நானோமீட்டர். ஆகவே திரையில் தெரியும் கோடு சவ்வின் தடிமன் அல்ல, ஒளி பரவிய அகலம். இரண்டு செல்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் இரண்டு சவ்வுகளும் ஒரே கோடாகச் சேர்ந்து, ஏறக்குறைய இரட்டிப்பு வெளிச்சமாகத் தெரியும். அங்கே ஏதோ புரதம் குவிந்திருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. செங்குத்தாக நிற்கும் சவ்வு, ஒளி வரும் திசையில் ஆழமாக அடுக்கியிருப்பதால் பளிச்சென்று தெரியும். தட்டையாகப் படுத்திருக்கும் மேற்சவ்வு மங்கலாகத் தெரியும். அதனால்தான் உருண்டையான செல்லின் நடுமட்டத்தில் ஃபோகஸ் வைத்தால் அழகான வளையம் கிடைக்கிறது. தட்டில் அப்பம் போலப் பரந்து ஒட்டியிருக்கும் செல்லில், சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் வெறும் புகைதான் தெரியும்.

இனி பிடி. சவ்வுச் சாயங்கள் பிடிக்கும் விதம் முக்கியமாக மூன்று.

முதல் வகைக்கு வால் உண்டு. டை-ஐ, டை-ஓ, டை-டி என்ற கார்போசயனின் குடும்பம் இது. ஒவ்வொரு மூலக்கூறிலும் 18 கார்பன் நீளமுள்ள இரண்டு கொழுப்பு வால்கள் இருக்கும். அவை சவ்வின் லிப்பிட் (கொழுப்பு) அடுக்குக்குள் செருகிக்கொள்ளும், தலை மேற்பரப்பில் படுத்துக்கொள்ளும். தண்ணீரில் இவை மங்கல், சவ்வுக்குள் போனதும் பிரகாசம். டை-ஓ பச்சை (484-இல் உறிஞ்சி 501-இல் உமிழும்). டை-ஐ ஆரஞ்சு (549, 565). டை-டி அடர்சிவப்பு (644, 665). எண்கள் எல்லாம் நானோமீட்டர். இரண்டு வால் இருப்பதால் பிடி பலம். உயிருள்ள செல்லில் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் வால் பிடித்திருப்பது லிப்பிட்டை மட்டும்தான். லிப்பிட்டைக் கரைக்கும் எதுவும் சாயத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இரண்டாவது வகை, எஃப்எம் சாயங்கள். எஃப்எம் 1-43, எஃப்எம் 4-64 இரண்டும்தான் அதிகப் புழக்கம். ஒரு முனையில் குட்டை வால், மறு முனையில் இரட்டை நேர்மின்சுமை. வால் வெளி அடுக்கில் செருகும். மின்சுமை காரணமாக மூலக்கூறு சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாது. பிடி தளர்வானது, கழுவினால் போய்விடும். இந்தத் தளர்வுதான் அதன் பலமும். செல் குமிழாக உள்ளே இழுத்த சவ்வில் சாயம் மாட்டிக்கொள்ளும், வெளியே இருப்பதைக் கழுவிவிடலாம். அப்போது உள்ளே போனது மட்டும் தெரியும். நரம்பு முனைக் குமிழ்கள் மறுசுழற்சி ஆவதை 1992-இல் பெட்ஸும் பெவிக்கும் இப்படித்தான் எஃப்எம் 1-43 வைத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்டில் சாயம் வெளிச்சவ்விலிருந்து வாக்குவோலுக்கு (செல்லுக்குள் இருக்கும் பெரிய பைக்கு) போகும் பாதையை 1995-இல் விடாவும் எம்ரும் எஃப்எம் 4-64 வைத்துக் காட்டினார்கள். வெளிச்சவ்வை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கழுவவே கூடாது. சாயத்தைத் திரவத்திலேயே விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீரில் அது ஒளிர்வது மிகக் குறைவு என்பதால் பின்னணி கெடாது. கழுவிவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்பதுதான் எஃப்எம் சாயத்தில் அதிகம் கேட்கும் புகார்.

மூன்றாவது வகை லிப்பிட்டைத் தொடுவதே இல்லை. கோதுமை முளையிலிருந்து எடுக்கும் லெக்டின், சுருக்கமாக டபிள்யூஜிஏ, செல்லின் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைகளைப் பிடிக்கிறது. குறிப்பாக என்-அசிட்டைல் குளுக்கோசமின், சியாலிக் அமிலம் இரண்டையும். அலெக்ஸா 488, 555, 594, 647 என்று எந்த நிறச் சாயத்தையும் அதோடு கோத்து விற்கிறார்கள். இந்தச் சர்க்கரைகளில் பெரும்பகுதி புரதங்களோடு சேர்ந்தவை. ஃபார்மால்டிஹைடு புரதத்தைக் கட்டிப்போடும், லிப்பிட்டைக் கட்டிப்போடாது. ஆகவே ஃபிக்ஸ் செய்து (செல்லை இருக்கும் நிலையிலேயே வேதிப்பொருளால் நிறுத்தி), டிட்டர்ஜென்ட் ஊற்றித் துளையிட்டு, குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி போடும் நீண்ட வேலைக்குத் தாக்குப்பிடிப்பது டபிள்யூஜிஏதான். சவ்வுப் புரதங்களோடு நேரடியாக வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும் சாயங்களும் கடையில் உண்டு. குளோரோமெத்தில் குழு சேர்த்த டை-ஐ, புரதங்களின் தயால் (கந்தகக்) குழுக்களைப் பிடித்துக்கொள்வதால், சாதாரண டை-ஐ கழுவிப்போகும் இடத்திலும் ஓரளவு நிற்கும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, சாயம் போட்ட பிறகு செல்லுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை தானாக விழும்.

ஆன்டிபாடி வேலை இருந்தால் வழி இதுதான். உயிருள்ள செல்லைக் கால்சியம், மக்னீசியம் சேர்ந்த உப்புக் கரைசலில் ஒருமுறை கழுவுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள டபிள்யூஜிஏ ஸ்டாக்கில் (கெட்டியான மூலக்கரைசலில்) 5 மைக்ரோலிட்டர் எடுத்து, 1 மில்லிலிட்டர் கரைசலில் கலந்து ஊற்றுங்கள். 10 நிமிடம் போதும். தட்டில் ஒட்டி வளரும் செல்களுக்கு 37 டிகிரி என்று செய்முறை சொல்லும். உள்ளிழுப்பைத் தடுக்க வேண்டுமென்றால் பனிக்கட்டியில் வையுங்கள், சர்க்கரையைப் பிடிக்க வெப்பம் தேவையில்லை. இரண்டு முறை கழுவி, 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம். அதன் பிறகுதான் 0.1 சதவீத ட்ரைட்டன் என்ற டிட்டர்ஜென்ட். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் ட்ரைட்டன் போட்டுத் துளையிட்டுவிட்டுப் பிறகு டபிள்யூஜிஏ ஊற்றினால், அது உள்ளே புகுந்து கோல்கை என்ற உள்ளுறுப்பையும் அணுக்கருச் சவ்வின் துளைப் புரதங்களையும் பிடிக்கும். படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது செல் சவ்வின் படம் அல்ல. ட்ரிப்சின் என்ற நொதி போட்டுத் தட்டிலிருந்து இப்போதுதான் பிரித்த செல்லாக இருந்தால் சில மணி நேரம் பொறுங்கள். ட்ரிப்சின் வெளிப்புரதங்களை வெட்டும்போது சர்க்கரைகளும் சேர்ந்து போயிருக்கும்.

டை-ஐ போட்ட செல்லைத் துளையிட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ட்ரைட்டனைத் தொடாதீர்கள். டிஜிட்டோனின் அல்லது சப்போனின் கொலஸ்ட்ராலைத் தேடிப் பிடித்து ஓட்டை போடும், மற்ற லிப்பிட்டைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். சப்போனின் போட்ட ஓட்டை நிலைக்காது என்பதால் அடுத்தடுத்த ஆன்டிபாடிக் கரைசல், கழுவும் கரைசல் எல்லாவற்றிலும் 0.1 சதவீதம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மெத்தனால், அசிட்டோன் இரண்டும் சவ்வு வேலைக்கு வேண்டவே வேண்டாம். அவை லிப்பிட்டை உருவி எடுத்துவிடும், டை-ஐ முழுக்கச் சாயம் விட்டுப்போகும். சைலீன் கலந்த மவுண்டிங் பசையும் அதே கதைதான். தண்ணீர் அடிப்படையிலான பசை, அல்லது வெறும் பாஸ்ஃபேட் உப்புக் கரைசலில் கவர் ஸ்லிப்பை மூடி, ஓரத்தில் நகப்பூச்சு பூசி, அன்றைக்கே படம் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து வெளிச்சம். லேசர் கான்ஃபோக்கல் (ஒரே மட்டத்தை மட்டும் பிரித்துக் காட்டும் நுண்ணோக்கி) உள்ள இடத்தில் 405, 488, 561, 640 என்று கோடுகள் இருக்கும், எந்தச் சாயமும் பொருந்திப்போகும். பழைய ஒளிர்வு நுண்ணோக்கியும் மெர்க்குரி விளக்கும் மட்டும் உள்ள துறைகளில் கணக்கு வேறு. மெர்க்குரி விளக்கின் ஒளி எல்லா அலைநீளத்திலும் சமமாக வருவதில்லை. 365, 405, 436, 546, 577 என்ற இடங்களில் உச்சம். நடுவில், குறிப்பாக 480-ஐ ஒட்டிய நீலப்பச்சையில், பள்ளம். டை-ஐ-யின் 549 உச்சம் அந்த 546 கோட்டின் மேல் கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. பச்சைச் சாயமான டை-ஓ பள்ளத்தில் விழுகிறது. ‘பச்சைதான் நல்லாத் தெரியும்’ என்று நினைத்து டை-ஓ வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. டை-ஓ கரைவதும் சிரமம், செல்லின் சொந்த ஒளிர்வும் பச்சையில்தான் அதிகம். மெர்க்குரி விளக்குக்கு டை-ஐ, அல்லது அலெக்ஸா 555 கோத்த டபிள்யூஜிஏ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எல்ஈடி விளக்குக்கு மாறியிருந்தால் 550-ஐ ஒட்டிய பகுதியில் அதன் பலம் எவ்வளவு என்று விளக்கின் வரைபடத்தைப் பாருங்கள், பல எல்ஈடி-களுக்கு அங்கேதான் சோர்வு.

டை-டி-யைக் கண்ணால் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. 665-இல் வரும் ஒளிக்கு மனிதக் கண் மந்தம். கண்ணில் இருட்டாகத் தெரியும், கறுப்பு வெள்ளைக் கேமராவில் பளிச்சென்று விழும். நிறக் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் அங்கேயும் மங்கும். கேமரா எது என்று தெரியாமல் அடர்சிவப்புச் சாயம் வாங்க வேண்டாம்.

மெர்க்குரி விளக்கைப் பற்றி ஒன்று. மின்சாரம் போய்த் திரும்பினால் உடனே சுவிட்சைப் போடக் கூடாது. சூடான குழாயில் அழுத்தம் அதிகம், குறைந்தது அரை மணி நேரம் ஆற வேண்டும். அதற்குள் எஃப்எம் சாயம் முழுக்கக் குமிழ்களுக்குள் போயிருக்கும். மின்தடை அடிக்கடி வரும் நாளில் எஃப்எம் வேலையைத் தொடங்காமல், ஃபிக்ஸ் செய்த டபிள்யூஜிஏ ஸ்லைடுகளைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பச்சைப் புரதம் ஜிஎஃப்பி ஏற்கெனவே இருக்கும் செல்லில் சவ்வைச் சேர்த்துக் காட்ட எஃப்எம் 4-64 வசதி. 488 லேசர் ஒன்றே இரண்டையும் தூண்டும். ஜிஎஃப்பி 510 அருகே உமிழும், எஃப்எம் 4-64 வெகுதூரம் தள்ளி 640-ஐ ஒட்டி. எஃப்எம் 1-43 அப்படியல்ல. அதன் உமிழ்வு அகலமாகப் பரவி 598-இல் உச்சம் பெறுவதால் சிவப்புச் சாயம் எதனோடும் ஜோடி சேராது. இலையில் வேலை செய்தால் குளோரோஃபில் 680-ஐ ஒட்டி உமிழும் என்பதை மறக்காதீர்கள். எஃப்எம் 4-64-ஐ 600 முதல் 650 வரை மட்டும் பிடித்தால் தப்பிக்கலாம், டை-டி-க்கு அங்கே இடமே இல்லை.

இப்போது நம் ஊருக்கே உரிய எதிரி: ஈரப்பதம். சாயங்களைப் பெரும்பாலும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைக்கிறோம். டிஎம்எஸ்ஓ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ராயபுரம், காசிமேடு போலக் கடல் காற்று நேராக அடிக்கும் இடத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே நீர் கோத்துவிடும். பத்து தடவை இப்படித் திறந்த ஸ்டாக்கில் டை-ஐ கரைந்து இருக்காது, கண்ணுக்குத் தெரியாத துகளாகத் திரண்டிருக்கும். செல்லில் போட்டால் கோட்டுக்குப் பதில் பொறிகள் தெரியும். ஸ்டாக்கை 10 அல்லது 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். மீதியைத் திரும்ப வைக்காமல் கொட்டிவிடுங்கள். டை-ஐ-யை எத்தனாலில் கரைப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. நம் வெயிலில் எத்தனால் ஆவியாகி ஸ்டாக் தானாகக் கெட்டியாகிக்கொண்டே போகும், போன மாதத்து 1 மில்லிமோலார் செறிவு இந்த மாதம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

அளவு சொல்கிறேன். டை-ஐ-யின் மூலக்கூறு எடை சுமார் 934. 1 மில்லிகிராமை 1.07 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ-வில் கரைத்தால் 1 மில்லிமோலார். எஃப்எம் 4-64 பெரும்பாலும் 100 மைக்ரோகிராம் குப்பிகளாக வரும், மூலக்கூறு எடை 607.5. அதில் 165 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 1 மில்லிமோலார். இரண்டு ஸ்டாக்கில் எதையும் 1 மில்லிலிட்டர் மீடியத்துக்கு 5 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 5 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதம். அதற்கு மேல் டிஎம்எஸ்ஓ போகக் கூடாது. ஸ்டாக்கை நேராகச் செல்லின் மேல் சொட்டக் கூடாது, சொட்டிய இடத்தில் செல் சாகும், பக்கத்துச் செல்லுக்குச் சாயமே சேராது. முதலில் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) இல்லாத மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவத்தில்) கலந்து சுழற்றி, அந்தக் கலவையை ஊற்றுங்கள். துகள் சந்தேகம் இருந்தால் மையவிலக்கியில் 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு) 5 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்ட வேண்டாம், சாயம் ஃபில்டரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சீரம் ஏன் கூடாது? அதிலுள்ள ஆல்புமினும் லிப்போபுரதங்களும் சவ்வைப் போலவே சாயத்தை வாங்கிக்கொள்ளும். இதே குணத்தைக் கழுவும்போது நமக்குச் சாதகமாக்கலாம். சாயம் ஏறிய பிறகு 10 சதவீத சீரம் உள்ள மீடியத்தில் இரண்டு முறை கழுவினால், செருகாமல் மிதக்கும் டை-ஐ-யைச் சீரம் துடைத்துக்கொண்டு போய்விடும்.

செறிவைவிட முக்கியமானது ஒரு செல்லுக்கு எவ்வளவு சாயம் என்பது. 5 மைக்ரோமோலார் கரைசல் 1 மில்லிலிட்டரில் 10 லட்சம் செல்கள் இருந்தால் பளிச்சென்று தெரியும். அதே கரைசலில் 10 கோடி செல்களைப் போட்டால் பங்கு குறைந்து மங்கும். போன தடவை நன்றாக வந்தது, இந்த முறை வரவில்லை என்றால், முதலில் செல்லை எண்ணுங்கள்.

வெப்பநிலைக்கு வருவோம். டை-ஐ-க்குப் பனிக்கட்டி மட்டும் போதாது, வால் செருகச் சிறிது சூடு வேண்டும். 37 டிகிரியில் 5 நிமிடம், உடனே 4 டிகிரியில் 15 நிமிடம் என்ற இரட்டை முறை நன்றாக வேலை செய்கிறது. சூட்டில் செருகும், குளிரில் உள்ளிழுப்பு அடங்கும். எஃப்எம் சாயத்துக்கு முழுக்கப் பனிக்கட்டி. ஐஸ் மெஷின் இல்லாத ஆய்வகம் கவலைப்பட வேண்டாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் பாரில் ஒரு துண்டை உடைத்துத் தெர்மாகோல் பெட்டியில் போட்டால் அரை நாள் தாங்கும். அது குழாய்க்கு வெளியே இருக்கும் குளிர்தான், சாம்பிளைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் சுத்தம் பற்றிய பயம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். குளிர்ந்த ஸ்லைடை நம் காற்றில் எடுத்ததும் கவர் ஸ்லிப்பின் மேல் பனித்துளி படியும். அதன் மேல் எண்ணெய் விட்டால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து படம் பால் போல வெளுக்கும். லென்ஸ் தாளால் ஒற்றியெடுத்த கையோடு எண்ணெயை விட்டு, 5 நிமிடத்துக்குள் படத்தை எடுத்துவிடுங்கள். கவர் ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர், அதாவது 1.5 எண். பாரிமுனைப் பக்கம் வாங்கும்போது எண்ணைக் கேட்டே வாங்குங்கள். மெல்லிய 1 எண்ணைப் போட்டுவிட்டுச் சாயம் கூர்மையாக இல்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பழகுவதற்கு எது நல்ல சாம்பிள்? முதிர்ந்த சிவப்பணு. பாலூட்டிகளின் சிவப்பணுவுக்கு உள்ளுறுப்புச் சவ்வுகளே கிடையாது, வெளிச்சவ்வை விழுங்கும் பழக்கமும் இல்லை. 34 டிகிரியில் வைத்தாலும் வளையம் வளையமாகவே நிற்கும். மனித ரத்தத்துக்கு அனுமதியும் பாதுகாப்பும் வேண்டும். வெள்ளாட்டு ரத்தம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் வெள்ளாட்டின் சிவப்பணு மிகச் சிறியது, 4 மைக்ரோமீட்டர்கூட இருக்காது. கோழி ரத்தம்தான் சொல்லித்தர ஏற்றது. நீள்வட்டம், சுமார் 12 மைக்ரோமீட்டர், நடுவில் அணுக்கரு உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் பிடித்து, பாஸ்ஃபேட் உப்புக் கரைசலில் 500 ஜி-யில் 5 நிமிடம் வீதம் மூன்று முறை கழுவி, அடியில் படிந்த செல்லில் 1 மைக்ரோலிட்டர் மட்டும் 1 மில்லிலிட்டரில் கலக்குங்கள். டை-ஐ-யோடு ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஹோக்ஸ்ட் 33342 என்ற அணுக்கருச் சாயம் சேர்த்தால் ஆரஞ்சு வளையமும் நீலக் கருவும் ஒரே படத்தில் விழும். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில்தான் செய்ய வேண்டும். உப்பேறிய போர் தண்ணீரிலுள்ள கால்சியம் பாஸ்ஃபேட்டோடு சேர்ந்து வெள்ளை வண்டலாகப் படியும்.

சிவப்பணுவில் இரண்டு தொல்லைகள். ஹீமோகுளோபின் 541, 577 நானோமீட்டர்களில் ஒளியை உறிஞ்சும், டை-ஐ-யின் வெளிச்சத்தில் ஒரு பகுதியைக் குடித்துவிடும். டை-டி இருந்தால் அங்கே அது மேல். மற்றது, வெறும் கண்ணாடியில் பட்டதும் சிவப்பணு முள் முள்ளாகச் சுருங்கும். சாயம் ஏற்றிக் கழுவிய பிறகு 0.1 சதவீத ஆல்புமின் சேர்த்தால் சரியாகும். சாயத்துக்கு முன்பே சேர்த்தால் ஆல்புமின் சாயத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சிவப்பணுவுக்கு டபிள்யூஜிஏ போட்டுவிடாதீர்கள். அது அக்லுட்டினின், பெயரிலேயே இருக்கிறது. செல்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும்.

உள்ளிழுப்பைக் கண்ணால் காட்ட பேக்கரி ஈஸ்ட்டும் எஃப்எம் 4-64-உம் போதும். பனிக்கட்டியில் ஓரம் மட்டும் ஒளிரும். 30 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் விட்டால் வாக்குவோல் வளையங்கள் தெரியும். நம் அறை வெப்பமே இங்கே இன்குபேட்டர். வெங்காயத் தோலில் சவ்வு செல்சுவரோடு அழுந்திக் கிடப்பதால் இரண்டும் பிரிந்து தெரியாது. பெல்லாரி வெங்காயத்தின் உள்தோலை எஃப்எம் 4-64-இல் ஊறவைத்த பிறகு, 100 மில்லிலிட்டருக்கு 34 கிராம் சர்க்கரை கரைத்த நீரில் போடுங்கள். சவ்வு சுவரை விட்டு விலகிச் சுருங்கும், நடுவில் மெல்லிய இழைகள் இழுபட்டு நிற்பதும் தெரியும்.

எந்தச் சாயமானாலும் இரண்டு ஒப்பீடுகளை விடாதீர்கள். செல் இல்லாமல் சாயம் மட்டும் போட்ட ஸ்லைடு ஒன்று. அதிலும் பொறிகள் தெரிந்தால் அவை சாயத் துகள்கள், செல்லின் குமிழ்கள் அல்ல. சாயம் போடாத செல் மற்றொன்று. செத்த செல்களைப் பிரித்தறிய ப்ரொப்பிடியம் அயோடைடு போன்ற ஒன்றையும் சேர்ப்பது நல்லது, ஆனால் அதுவும் சிவப்பு என்பதால் டை-ஐ-யோடு சேராது, டை-ஐ-க்கு டாப்பி என்ற நீலச் சாயம் பொருந்தும். செத்த செல்லின் சவ்வு ஓட்டையாகி, சாயம் உள்ளே போய் எல்லா உள்ளுறுப்பிலும் ஏறிவிடும். தட்டில் அதிகப் பிரகாசமாக இருக்கும் செல் பல நேரம் செத்த செல்தான், புதிதாகப் பார்ப்பவர் அதைத்தான் முதலில் படம் எடுப்பார். லேசர் கான்ஃபோக்கலில் டை-ஐ வளையம் எதிரெதிர் இரண்டு பக்கம் பிரகாசமாகவும் மற்ற இரண்டு பக்கம் மங்கலாகவும் தெரிந்தால், அங்கே லிப்பிட் திட்டு இருப்பதாக எழுத அவசரப்பட வேண்டாம். டை-ஐ-யின் தலை சவ்வின் தளத்தோடு இணையாகப் படுத்திருப்பதால், முனைவாக்கம் பெற்ற (ஒரே திசையில் அதிரும்) லேசர் ஒரு திசையில் படுத்த மூலக்கூறுகளையே அதிகம் தூண்டும். ஸ்லைடை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். பிரகாசம் செல்லோடு திரும்பாமல் அதே இடத்தில் நின்றால் அது லேசரின் வேலை.

சவ்வு எங்கே இருக்கிறது என்பதைத் தாண்டி, அது இறுக்கமா தளர்வா என்று அளக்க வேண்டுமென்றால் லார்டான் போன்ற சாயங்கள் வேண்டும். இறுகிய சவ்வில் 440-ஐ ஒட்டியும், தளர்ந்த சவ்வில் 490-ஐ ஒட்டியும் உமிழும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து எண்ணாக எழுதுவார்கள். அந்த எண் வெப்பநிலையோடு மாறும். காலை 27 டிகிரியில் எடுத்த படத்தையும் மதியம் 34-இல் எடுத்த படத்தையும் ஒப்பிட முடியாது. ஏசியும் வெப்பமானியும் இல்லாத அறையில் லார்டானைத் தொடங்கவே வேண்டாம்.

ஒரே ஒரு குப்பிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்? ஆன்டிபாடியோடு சேர்க்கும் ஆராய்ச்சிக்கு அலெக்ஸா 555 கோத்த டபிள்யூஜிஏ. பாடம் நடத்தவும் பழகவும் டை-ஐ, கரைசலாக இல்லாமல் படிகமாக. படிகம் வெளிச்சமும் ஈரமும் படாமல் இருந்தால் அறை வெப்பத்தையும் தாங்கும், மின்தடையில் ஃப்ரீசர் உருகினாலும் கெடாது. டபிள்யூஜிஏவும் எஃப்எம் சாயமும் மைனஸ் 20-இல் இருக்க வேண்டியவை. அவற்றை மார்கழி, தை மாதங்களில் வரும்படி ஆர்டர் போடுங்கள். வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் பார்சல் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடந்து, திங்கள் மதியம் ஐஸ் உருகிய டப்பாவாகத்தான் வந்து சேரும்.